சிறிய எண்களின் தீவுகள்: யாழ்ப்பாணத் தீவகச் சுகாதாரப் பணியாளருக்கு எத்தகைய செயற்றிறன் அறிக்கை பயன்படும்?

1. கேள்வி

இலங்கையின் பொதுச் சுகாதாரத் துறை ஓயாமல் எண்ணும் துறை. எத்தனை கர்ப்பவதிகள் பதிந்தார்கள், அவர்களில் எட்டு வாரம் முடியுமுன் பதிந்தவர்கள் எத்தனை பேர், பிறந்த குழந்தையின் நிறை என்ன, டெங்கு நோயாளியின் வீட்டைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எந்தத் திகதியில் பார்த்தார் என்பன யாவும் ஏதோ ஒரு பதிவேட்டில் ஏறுகின்றன. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதார அலகு தொடங்கிய காலத்திலிருந்து வேரூன்றிய பழக்கம் இது. நாட்டின் தாய் சேய் நலச் சாதனைகளில் இப்பழக்கத்துக்கும் பங்குண்டு.

எண்ணியவருக்கு அந்த எண் எந்த உருவில் திரும்பி வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நெடுந்தீவில் அல்லது நயினாதீவில் பணிபுரியும் குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரின் கையில், அவருடைய வேலை எப்படி நடக்கிறது என்று சொல்லும் ஒரு தாளைக் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தத் தாள் எப்படி அமைந்தால் அடுத்த மாதம் அவர் செய்யும் ஒரு காரியமாவது மாறும்? அதிகாரிகளின் மேசைக்கு ஏற்ற புள்ளிவிபரத் தொகுப்பு எப்படி இருக்க வேண்டும் என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சொல்லும் கைந்நூல்கள் ஏராளம்.

என் வாதம் இதுதான். பெரிய நகர வைத்தியசாலைகளுக்காக வகுக்கப்பட்ட செயற்றிறன் அறிக்கை, அதாவது சதவீதம், தரவரிசை, இலக்கு, சிவப்பு-பச்சை நிறம் என்று அமையும் அறிக்கை, தீவகத்துக்கு வரும்போது உதவாமற் போவதோடு பிழையான பாடத்தையும் புகட்டக்கூடும். அங்கே எண்கள் சிறியவை. அத்துடன், விளைவைத் தீர்மானிக்கும் காரணிகளில் பெரும்பகுதி பணியாளரின் கையில் இல்லை. இந்த இரண்டையும் ஏற்றுக்கொண்டு வரையப்படும் அறிக்கையே பின்னூட்டம் எனத் தகும்.

2. மேலே போகும் தாள்கள்

இன்றுள்ள ஒழுங்கைச் சுருக்கமாகப் பார்க்கலாம். குடும்பநல உத்தியோகத்தர் தம் பதிவேடுகளிலிருந்து மாதந்தோறும் எச் 524 படிவத்தை நிரப்புகிறார். அது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தொகுக்கப்பட்டு, காலாண்டுக்கு ஒருமுறை எச் 509 அறிக்கையாகி, பிராந்தியப் பணிப்பாளர் பணிமனைக்கும் கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்துக்கும் செல்கிறது. இப்போது இதற்கென மின்னணுத் தகவல் முறைமையும் உண்டு. தொற்றுநோய்களுக்கு வேறு பாதை. வைத்தியசாலை எச் 544 அறிவித்தலை அனுப்புகிறது. பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிக்கிறார். வாராந்த அறிக்கை எச் 399 தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகிறது.

திரும்பி வருபவை சிலவே. மாதாந்தக் கூட்டம், மாவட்ட மீளாய்வு, மேற்பார்வையாளரின் வருகை ஆகியவை வாய்வழிப் பின்னூட்டத்துக்கான களங்கள். எழுத்தில் வருவனவற்றுள் நெடுங்காலமாக இடையறாது வெளிவருவது தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த வெளியீடு. அதன் முதன்மை அட்டவணையில் ஒவ்வொரு பிராந்தியப் பணிப்பாளர் பிரிவுக்கும் ஒரு வரி இருக்கும். நோய்களின் எண்ணிக்கைக்குப் பிறகு, வரியின் முடிவில் இரண்டு சதவீதங்கள்: அறிக்கைகள் உரிய நேரத்துக்கு வந்தனவா என்பது ஒன்று, எல்லா அலகுகளிடமிருந்தும் வந்தனவா என்பது மற்றது. நாட்டின் சுகாதார அலகுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும் வகையில் வாரந்தோறும் அச்சேறும் செயற்றிறன் அறிக்கை என்று இதைச் சொல்லலாம்.

இந்த அட்டவணையைத் தீவகத்திலிருந்து வாசித்தால் மூன்று விடயங்கள் தெரியும். முதலாவது, நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை என்ற பெயர்கள் அங்கு இல்லை. அனைத்தும் 'யாழ்ப்பாணம்' என்ற ஒற்றை வரிக்குள் அடக்கம். ஒரு மாவட்டத்தில் பதினைந்து அலகுகள் இருந்து ஒன்று பிந்தினால் நேரத்துக்கு வந்தவற்றின் சதவீதம் ஏறத்தாழ 7 புள்ளி இறங்கும். பிந்தியது எது, ஏன் என்பதை அந்த வரி சொல்லாது. இரண்டாவது, அளக்கப்படுவது அறிக்கையின் வருகை. நோயாளிக்குக் கிடைத்த கவனிப்பு அங்கே அளக்கப்படவில்லை. மூன்றாவது, வெளியீடு ஆங்கிலத்தில் உள்ளது; அதன் எண்களைத் திரட்டித் தந்த களப்பணியாளர் தம் நாளாந்த வேலையைத் தமிழில் செய்கிறார். இவற்றுள் எதையும் தொற்றுநோயியல் பிரிவின் குறையாக நான் சொல்லவில்லை. அந்த அட்டவணை கண்காணிப்புக்காக ஏற்பட்டது. கண்காணிப்புத் தாளையே பின்னூட்டத் தாளாகவும் கருதிக்கொள்ளும் நம் வழக்கத்தில்தான் சிக்கல்.

நெடுந்தீவு வைத்தியசாலைக்கு அண்மையில் குடியேற்றக் காலத்துப் புறாக்கூடு ஒன்று நிற்கிறது. உல்லாசப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தூதுப் புறா தன் கூட்டை நோக்கி மட்டுமே பறக்கும். ஆகவே தீவில் கட்டிய கூடு, வெளியிலிருந்து தீவுக்குச் செய்தி வருவதற்கான ஏற்பாடு. இன்றைய ஏற்பாட்டில் செய்தி பெரும்பாலும் எதிர்த்திசையில் போகிறது.

3. ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

மருத்துவப் பணியாளருக்குப் பின்னூட்டம் தருவது பயன் தருமா என்பது உலகில் அதிகம் சோதிக்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. நோவா ஐவர்ஸ் குழுவினர் 2012இல் வெளியிட்ட கொக்ரேன் மீளாய்வு 140 பரிசோதனைகளை ஒன்றுசேர்த்தது. விரும்பத்தக்க நடைமுறையைப் பின்பற்றுவதில் கிடைத்த முன்னேற்றத்தின் இடைநிலை அளவு 4.3 சதவீதப் புள்ளி. அதைவிட முக்கியமானது பரவல். கால்வாசி ஒப்பீடுகளில் முன்னேற்றம் அரைப் புள்ளிக்கும் குறைவு. இன்னொரு கால்வாசியில் 16 புள்ளிக்கு மேல். ஆகவே பின்னூட்டம் பயன் தருமா என்பதைவிட, எத்தகைய பின்னூட்டம் பயன் தரும் என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகிறது. தொடக்க நிலை தாழ்ந்திருந்த இடங்களில், மேற்பார்வையாளர் அல்லது சக பணியாளர் தந்தபோது, ஒருமுறைக்கு மேல் தந்தபோது, எழுத்தும் பேச்சும் சேர்ந்தபோது, இலக்கோடு செயற்றிட்டமும் இருந்தபோது பலன் கூடியது.

இதற்கு முன்பே, 1996இல், குளூகர், டெனிசி என்ற இரு உளவியலாளர்கள் மருத்துவத்துக்கு வெளியேயும் நடந்த பின்னூட்டச் சோதனைகளைத் திரட்டினார்கள். சராசரியில் பின்னூட்டம் நன்மை தந்தது. ஆனால் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சந்தர்ப்பங்களில் அது செயற்றிறனைக் குறைத்தது. அவர்கள் தந்த விளக்கம், கவனம் வேலையை விட்டுத் தன்னை நோக்கித் திரும்பும்போது பலன் கெடுகிறது என்பது. 'இந்தத் தாய்க்கு இன்னும் இதைச் செய்ய வேண்டும்' என்று சொல்லும் தாள் வேலையைக் காட்டுகிறது. 'நீர் பதினோராம் இடத்தில் நிற்கிறீர்' என்று சொல்லும் தாள் ஆளைக் காட்டுகிறது. இரண்டாவதைப் படிப்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் காரணங்களைத்தான் முதலில் தேடுவார்.

ஒப்பீட்டுக்குச் சார்பான சான்றுகளையும் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை மிகுதியாக எழுதிய முதல் ஐந்தில் ஒரு பங்கு மருத்துவ நிலையங்களுக்குத் தலைமை மருத்துவ அதிகாரியின் பெயரில், உங்கள் பகுதியின் 80 சதவீதமான நிலையங்கள் உங்களைவிடக் குறைவாக எழுதுகின்றன என்று ஒரு கடிதம் போனது. எழுதப்பட்ட அளவு 3.3 சதவீதம் குறைந்தது என 2016இல் லான்செட் இதழில் ஹால்ஸ்வேர்த் குழுவினர் காட்டினர். அதே ஆண்டு அமெரிக்காவில் மீக்கர் குழுவினரின் சோதனையில், சிறந்தோருள் ஒருவரா இல்லையா என்று மின்னஞ்சலில் அறிவிக்கப்பட்ட மருத்துவர்களிடையே தேவையற்ற மருந்தெழுதல் 19.9 சதவீதத்திலிருந்து 3.7 ஆக இறங்கியது. எனினும் ஒப்பீட்டுக் குழுவிலும் அளவு இறங்கியிருந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் உரித்தான பலன் 5 புள்ளியை ஒட்டியதே. தலைப்புச் செய்தியில் வரும் எண் ஒன்று, கணக்கில் தங்கும் எண் இன்னொன்று.

இவ்விரு சோதனைகளும் வெற்றி பெற்ற சூழலைக் கவனிக்க வேண்டும். மருந்துச் சீட்டு எழுதுவது முற்றிலும் மருத்துவரின் கையில் உள்ள செயல். ஒருவரே நூற்றுக்கணக்கில் எழுதுகிறார், எண்கள் பெரியவை. ஒப்பிடப்பட்டவர்கள் ஏறக்குறைய ஒரே வகையான வேலை செய்பவர்கள். தீவகத்தில் இந்த மூன்று நிபந்தனைகளுமே ஆட்டம் காண்கின்றன.

4. பன்னிரண்டு பிறப்புகள்

ஒரு கற்பனைக் கணக்கு. தீவுப் பிரிவு ஒன்றில் ஆண்டுக்குப் பன்னிரண்டு குழந்தைகள் பிறக்கின்றன என்று கொள்வோம். இலங்கையில் நிறை குறைந்து, அதாவது இரண்டரைக் கிலோவுக்குக் கீழ், பிறக்கும் குழந்தைகளின் பங்கு ஏறத்தாழ ஆறில் ஒன்று. இப்பிரிவிலும் அதே நிலைதான், ஒன்றும் கூடவில்லை, குறையவில்லை என்று வைத்துக்கொண்டால், சராசரியாக ஆண்டுக்கு இரண்டு குழந்தைகள் நிறை குறைந்திருக்க வேண்டும். நிகழ்தகவு என்ன சொல்கிறது? ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளில் ஓர் ஆண்டு ஒரு குழந்தைகூட நிறை குறைந்து பிறக்காது. எட்டு ஆண்டுகளில் ஓர் ஆண்டு நான்கோ அதற்கு மேலோ பிறக்கும். முதலாவது ஆண்டில் அறிக்கை 0 சதவீதம் என்று சொல்லும்; மற்ற ஆண்டில் 33 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்று சொல்லும். உத்தியோகத்தர் அதே உத்தியோகத்தர். வேலையும் அதே வேலை. ஓர் ஆண்டு கூட்டத்தில் கைதட்டு, இன்னோர் ஆண்டு விளக்கம் கோரிக் கடிதம்.

புள்ளியியலாளர் ஹவார்ட் வெய்னர் 2007இல் எழுதிய கட்டுரையொன்று இதை அமெரிக்க மாவட்டங்களின் சிறுநீரகப் புற்றுநோய்க் கணக்கைக் கொண்டு விளக்குகிறது. நோய் மிகக் குறைந்த மாவட்டங்களைப் பார்த்தால் அவை கிராமப்புறத்தில் மக்கள்தொகை குறைந்தவை. நல்ல காற்று, நல்ல உணவு என்று காரணம் கற்பிக்கத் தோன்றும். நோய் மிகக் கூடிய மாவட்டங்களும் அதே வகைக் கிராமப்புறங்களே. அங்கே வறுமை, மருத்துவ வசதியின்மை என்று காரணம் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் பொதுவான காரணம், மக்கள்தொகை சிறிதாக இருப்பது. சிறிய எண் எந்தப் பக்கமும் தூக்கி எறியப்படும். ஆதலால் எந்தத் தரவரிசையிலும் உச்சியிலும் அடியிலும் நிற்பவை பெரும்பாலும் சிறிய அலகுகளே. மாவட்டப் பட்டியலில் ஒரு தீவு ஒரு முறை முதலாவதாகவும் அடுத்த முறை கடைசியாகவும் வந்தால், அதில் வியப்பதற்கு ஏதுமில்லை.

தாய் மரணத்தில் இது இன்னும் கூர்மை அடைகிறது. இலங்கையின் தாய் மரண விகிதம் ஓர் இலட்சம் உயிர்ப் பிறப்புக்கு 30ஐ ஒட்டி நிற்பது. ஆண்டுக்கு நாற்பது பிறப்புகள் உள்ள ஒரு தீவில், தேசியச் சராசரியின்படி பார்த்தால், ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு ஒரு தாய் மரணம். ஆகவே பூச்சியம் என்ற எண் அந்தத் தீவின் கவனிப்புப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. நிகழ்வு எதுவும் இல்லாவிட்டால் எண்ணிக்கையால் மூன்றைப் பிரித்துக் கிடைப்பது வரை அபாயம் இருக்கக்கூடும் என்ற எளிய விதியைப் புள்ளியியலாளர் பயன்படுத்துவது இதனால்தான். மறுபுறம் ஒரு தாய் இறந்துவிட்டால் அதை வீதமாக மாற்றுவதில் பொருளில்லை. அங்கே வேண்டியது, எந்த நேரத்தில் எந்த முடிவு எடுக்கப்பட்டது, எந்தப் படகு எப்போது புறப்பட்டது என்ற வரலாறு. இலங்கையின் தாய் மரண மீளாய்வு முறை பழி சுமத்தாமல் இவ்வாறு நிகழ்வை நிகழ்வாக ஆராய்வதைப் பல தசாப்தங்களாகச் செய்துவருகிறது. சிறிய எண்களுக்கு உகந்த பின்னூட்ட மரபு நம்மிடமே உண்டு. அதை மரணத்துக்கு மட்டும் ஒதுக்கி வைத்திருக்கிறோம். மயிரிழையில் தப்பிய சம்பவங்களுக்கும் அதை விரிக்கலாம்.

இதிலிருந்து கிடைக்கும் வடிவமைப்பு முடிவுகள் எளியவை. இருபதுக்குக் குறைந்த எண்ணிக்கையில் சதவீதம் போடக்கூடாது. 'பன்னிரண்டில் மூன்று' என்றே எழுத வேண்டும். ஓராண்டு எண்ணைத் தனியே காட்டாமல் முந்திய பல ஆண்டுகளோடு ஒரே கோட்டில் காட்ட வேண்டும். அரிதான நிகழ்வுக்கு வீதத்தைவிட 'கடைசியாக நடந்து எத்தனை நாள்' என்பது தெளிவான செய்தி. அலகுகளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால், டேவிட் ஸ்பீகல்ஹால்டர் 2005இல் சுகாதார ஒப்பீட்டுக்குப் பரிந்துரைத்த புனல் வரைபடம் உண்டு. அலகு சிறிதாக ஆக ஏற்கத்தக்க எல்லை அகன்றுகொண்டே போகும். எல்லைக்குள் நிற்பவரை முன் பின் என்று வரிசைப்படுத்த முடியாது.

5. யாரோடு ஒப்பிடுவது

'தீவகம்' என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். பண்ணைப் பாலத்தைத் தாண்டினால் மண்டைதீவுச் சந்தியும் வேலணையும் ஊர்காவற்றுறையும் தரைவழி, புங்குடுதீவும் அப்படியே. காரைநகருக்குத் தனியே ஒரு தாம்போதி. இதற்கு அப்பால்தான் கடல். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி நேரத்தை ஒட்டிய படகுப் பயணம்; நெடுந்தீவு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அனலைதீவுக்கும் எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்து படகு. ஆகவே வேலணையின் வீட்டுத் தரிசிப்புகளையும் நெடுந்தீவின் வீட்டுத் தரிசிப்புகளையும் ஒரே நிரலில் நிறுத்துவது இரண்டு வேறு வேலைகளை ஒன்றென்று கொள்வது. நெடுந்தீவுக்குத் தகுந்த ஒப்பீடு நெடுந்தீவின் சென்ற ஆண்டுதான். அடுத்தபடியாக, படகால் மட்டும் அடையக்கூடிய தீவுகளின் சிறு கூட்டம்.

பகுதி எண் குறித்தும் ஐயம் உண்டு. கர்ப்பவதிப் பதிவின் வீச்சைக் கணிக்கும்போது, அப்பகுதியில் எத்தனை பேர் கருவுற்றிருக்க வேண்டும் என்ற மதிப்பீடு மக்கள்தொகையிலிருந்து பெறப்படுகிறது. 1990களின் தொடக்கத்தில் போரால் தீவகம் பெருமளவில் வெறுமையானது. திரும்பியவர்கள் ஒரு பகுதியினர். மற்றோர் யாழ்ப்பாண நகரிலும் கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். பட்டியலில் பெயர் இருந்து வீட்டில் பூட்டுத் தொங்கும் ஊரில், 'எதிர்பார்த்த கர்ப்பவதிகளுள் இத்தனை சதவீதத்தினரே பதிந்தனர்' என்ற வாக்கியம் உத்தியோகத்தரைப் பற்றிச் சொல்கிறதா, மதிப்பீட்டைப் பற்றிச் சொல்கிறதா? வீடு வீடாக அவர் வைத்திருக்கும் குடும்பப் பதிவேடு இவ்விடயத்தில் கணிப்பீட்டைவிட நம்பகமானது.

நயினாதீவில் சிக்கல் தலைகீழ். நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கும் நாக விகாரைக்கும் வரும் யாத்திரிகர் அவ்வூரின் குடித்தொகையைப் பல மடங்கு தாண்டுவர். வெளிநோயாளர் எண்ணிக்கை, உணவகப் பரிசோதனை, குடிநீர் மாதிரிகள் எல்லாம் அவ்வாரங்களில் உயரும். உள்ளூர் மக்கள்தொகையால் பிரித்தால் அபத்தமான எண் கிடைக்கும். பிரிக்காமல் விட்டால் ஆண்டின் மற்ற மாதங்கள் சோம்பலாகத் தெரியும்.

6. கையில் உள்ளது, கையில் இல்லாதது

பிரெஹோட் குழுவினர் 2016இல் பின்னூட்டத்தை மேம்படுத்தப் பதினைந்து ஆலோசனைகளை முன்வைத்தார்கள். பெறுபவரின் கட்டுப்பாட்டுக்குள் உள்ள செயல்களைப் பற்றியே பின்னூட்டம் இருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. கேட்கும்போது வெளிப்படையான உண்மை போலத் தோன்றுகிறது. தீவகத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தால் வழக்கமான குறிகாட்டிகளுள் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும் என்பது என் கணிப்பு.

பேற்றுக்குப் பிந்திய முதல் பத்து நாட்களில் தாயை வீட்டில் சென்று பார்ப்பது ஒரு முக்கிய குறிகாட்டி. ஆனால் பேறுகாலம் நெருங்கும்போது கடலைக் கடந்து யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் வீட்டில் போய்த் தங்குவது நெடுந்தீவுத் தாய்மார் பலருக்கு வழமையும் விவேகமும் ஆகும். பிள்ளை போதனா வைத்தியசாலையில் பிறக்கிறது. முதல் பத்து நாட்களும் நல்லூரிலோ கொக்குவிலிலோ கழிகின்றன. அங்குள்ள உத்தியோகத்தருக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பொறுத்தே தாய்க்குக் கவனிப்புக் கிடைக்கும். நெடுந்தீவு உத்தியோகத்தரின் கையில் இருந்த செயல், புறப்படுமுன் தாயின் தங்கும் முகவரியை எழுதி உரிய பணிமனைக்கு அனுப்புவது. அறிக்கை கேட்க வேண்டிய கேள்வி 'எத்தனை பேரைப் பத்து நாளுக்குள் பார்த்தீர்?' என்பதன்று, 'எத்தனை பேரின் முகவரியைக் கடல் கடக்குமுன் கையளித்தீர், எத்தனைக்குப் பதில் வந்தது?' என்பது. இரண்டாவது கேள்வியில் அக்கரைப் பணிமனையும் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

டெங்குவும் இப்படித்தான். நெடுந்தீவுக்காரர் ஒருவர் யாழ்ப்பாணத்தில் அனுமதிக்கப்படுகிறார். அறிவித்தல் வைத்தியசாலையிலிருந்து பணிமனைக்கு வர ஒரு நேரம், பணிமனையிலிருந்து பரிசோதகருக்கு ஒரு நேரம், பரிசோதகர் வீட்டை அடைய ஒரு நேரம். மூன்றையும் கூட்டி 'விசாரணைக்கு எடுத்த நாட்கள்' என்று ஒரே எண்ணாகத் தந்தால் பிழை எங்கே என்று எவருக்கும் தெரியாது. பழி மட்டும் கடைசி ஆளிடம் தங்கும். மூன்று துண்டாகப் பிரித்துத் தந்தால் ஒவ்வொருவரும் தம் பங்கைக் காண்பர். சோளகம் அடிக்கும் மாதங்களிலும் வாடைக் காலத்திலும் படகு ஓடாத நாட்கள் உண்டு. குமுதினி, நெடுந்தாரகை என்ற படகுகள் எந்த நாட்களில் ஓடவில்லை என்பது இறங்குதுறையில் அனைவருக்கும் தெரிந்த செய்தி. அந்த நாட்களை அறிக்கையின் கோட்டிலேயே நிழலிட்டுக் காட்டுவதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேண்டியதில்லை.

அவசர இடமாற்றம் இதன் உச்சம். பிரதேச வைத்தியசாலையில் முடிவெடுப்பது, படகு கிடைப்பது, சில வேளைகளில் அது கடற்படையின் படகாக இருப்பது, குறிகட்டுவானில் அம்புலன்ஸ் காத்திருப்பது, தரைவழிப் பயணம் என்று சங்கிலி நீள்கிறது. வைத்தியசாலைப் பணியாளருக்கு உரியது முதற்கண்ணி. எஞ்சிய கண்ணிகளின் நேரத்தை அவர்களுக்கு மட்டும் அனுப்பி வைப்பதால் யாருக்கு என்ன பயன்?

7. ஒரு பக்கம்

மேற்சொன்னவற்றை வைத்து, தீவு உத்தியோகத்தர் ஒருவருக்கான காலாண்டு அறிக்கையை ஒரு பக்கத்துக்குள் கற்பனை செய்து பார்க்கலாம். தமிழில், அச்சிட்ட தாளில், கறுப்பு வெள்ளையில். பணிமனை அச்சுப்பொறியில் நிறம் இருக்கும் என்று நம்பி வரைபடம் போடுவது வீண்.

பக்கத்தின் மேற்பாதி ஆட்கள். இக்காலாண்டில் உங்கள் பராமரிப்பில் ஒன்பது கர்ப்பவதிகள். எட்டு வாரத்துக்குள் பதிந்தவர் ஆறு பேர். அடுத்த மாதம் கடல் கடக்க இருப்பவர் இருவர், ஒருவரின் முகவரி கையளிக்கப்படவில்லை. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளைப் பதிவெண் கொண்டு தொடரும் பிக்மி முறை கிராம சுகாதார செவிலியருக்குப் 'பார்க்க வேண்டியோர்' பட்டியலைத் தருவது இந்த வழியில்தான். பட்டியல் பின்னூட்டமாகாது, அது வேலை நினைவூட்டல் என்று சிலர் வாதிப்பர். பெரிய எண்கள் உள்ள இடத்தில் அவ்வேறுபாடு சரி. ஒன்பது பேர் உள்ள இடத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

கீழ்ப்பாதியில் ஒரேயொரு குறிகாட்டியின் பல ஆண்டுக் கோடு, படகற்ற நாட்களின் நிழலோடு. அதன் கீழே மேற்பார்வையாளர் தம் கையால் எழுதும் இரண்டு வரி. பேச்சும் எழுத்தும் சேரும்போது பலன் கூடும் என்ற கண்டுபிடிப்பை இவ்விரண்டு வரி காப்பாற்றும். தாள் தபாலில் வராமல் மேற்பார்வையாளரின் கையோடு வர வேண்டும் என்பதும் இதன் பொருள்.

கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம்: 'இதைச் செய்ய எனக்குத் தடையாக இருந்தது'. அதற்கு எதிரே இன்னொரு கட்டம், பணிமனை அல்லது பிராந்தியப் பணிப்பாளர் தரப்பு பதில் எழுதுவதற்கு. மாலாவியில் எச்.ஐ.வி. சிகிச்சை நிலையப் பணியாளருக்கான பின்னூட்டத்தைக் கணினியால் ஆளுக்கேற்ப அமைத்துப் பார்த்த லாண்டிஸ்-லூயிஸ் குழுவினரின் 2015 ஆய்வு, ஒரே தரவிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஏற்ற செய்தியை உருவாக்க முடியும் என்பதைக் காட்டியது. அதை ஒரு படி நீட்டினால், தடை பற்றிய செய்தி கீழிருந்து மேலே போகவும் அதே தாளில் இடம் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ஆட்களைக் காட்டும் தாள் சுவரில் தொங்கக்கூடாது. சில ஆயிரம் பேர் வாழும் தீவில், 'இருபது வயதுக்குக் குறைந்த கர்ப்பவதி: 1' என்று பணிமனைச் சுவரொட்டியில் எழுதினால் அந்தப் பெண் யாரென்று மாலைக்குள் ஊர் அறியும். உத்தியோகத்தருக்கு எது மிகப் பயனுள்ள விபரமோ அதுவே பொதுவெளியில் மிக ஆபத்தான விபரம். பல நாடுகளின் புள்ளிவிபரத் துறைகள் ஐந்துக்குக் குறைந்த எண்ணை வெளியிடுவதில்லை. அந்த வழக்கத்தைப் பின்பற்றினால் தீவின் சுவரொட்டியில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சாது. மிஞ்ச வேண்டியதும் இல்லை.

8. ஓர் ஆட்சேபம்

கடல், படகு, சிறிய எண் என்று இவ்வளவு சலுகை கொடுத்தால், மோசமான வேலைக்கும் மறைப்புக் கிடைத்துவிடாதா? இது இலகுவில் தள்ளிவிடக்கூடிய ஆட்சேபம் அன்று. கஷ்டப் பிரதேசம் என்ற பெயரில் குறைந்த எதிர்பார்ப்பை நிரந்தரமாக்கிவிட்டால் பாதிக்கப்படுவது அங்குள்ள தாயும் பிள்ளையும். படகற்ற நாட்களைக் கழித்துவிட்டு 'திருத்தப்பட்ட' எண் ஒன்றைத் தயாரித்தால், தீவில் பிறந்த குழந்தைக்கும் நகரில் பிறந்த குழந்தைக்கும் இடையிலுள்ள ஏற்றத்தாழ்வு காகிதத்தில் மறைந்து போகும். பணியாளருக்கு நியாயம் செய்யப் போய்க் குடிமக்களுக்கு அநியாயம் செய்வதாகும்.

ஆதலால் எண்ணைத் திருத்துவதை நான் ஏற்கவில்லை. ஒரே தரவிலிருந்து இரண்டு அறிக்கைகள் வேண்டும். பணியாளருக்கு, அவர் கையில் உள்ளவை மட்டும். பிராந்தியத்துக்கும் மாகாணத்துக்கும், எதையும் கழிக்காத முழு நேரம்: நோயாளியை அனுப்புவதெனத் தீவில் தீர்மானிக்கப்பட்ட கணத்திலிருந்து யாழ்ப்பாணத்தில் கட்டிலை அடைந்த கணம் வரை. முதலாவது அறிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உத்தியோகத்தர். இரண்டாவதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் படகையும் அம்புலன்ஸையும் ஆளணியையும் ஒதுக்கும் அதிகாரம் உள்ளவர்கள். மூவாயிரம் பேருக்கு ஒரு குடும்பநல உத்தியோகத்தர் என்ற தேசிய அளவுகோலைத் தீவுக்கு அப்படியே பொருத்தலாமா என்ற கேள்வியும் அந்த இரண்டாவது மேசைக்கு உரியது.

நல்ல வேலையும் மோசமான வேலையும் முதலாவது அறிக்கையிலேயே வேறுபட்டுத் தெரியும். முகவரி கையளிக்கப்பட்டதா என்பதற்குச் சோளகம் காரணம் ஆகாது. எட்டாம் வாரத்துக்குப் பிறகு பதிந்த மூவரைப் பற்றி ஏன் என்று கேட்டால் உத்தியோகத்தரிடம் பதில் இருக்க வேண்டும். கையில் இல்லாதவற்றை அகற்றியதால் கையில் உள்ளவற்றைக் கண்டிப்போடு கேட்க முடிகிறது. எல்லாவற்றையும் ஒன்றாகக் குழைத்த அறிக்கையில்தான் ஒளிந்துகொள்ள இடம் அதிகம்.

இதைத் தொடங்கப் புதிய கணினி முறைமை தேவையில்லை. பதிவேடும் எச் 524 படிவமும் ஏற்கெனவே தரும் தரவு போதும். தொடங்கினால் முதலில் அளக்க வேண்டியது தீவுப் பணியாளரின் வேலையை அன்று, தடைக் கட்டத்துக்கு மேலிருந்து பதில் வர எடுக்கும் நாட்களை. இரண்டு காலாண்டுகள் அந்தக் கட்டத்தின் எதிர்ப்பக்கம் வெறுமையாகவே திரும்பி வந்தால், மூன்றாம் காலாண்டில் உத்தியோகத்தர் அதில் எதையும் எழுதமாட்டார். அதன்பின் அத்தாள் மேலே போகும் படிவங்களுள் இன்னுமொன்றாகிவிடும்.